பதினேழாம் நாள்

பழனியின் கருமாதி முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் சாமியானாக்காரர் வந்துவிட்டார். நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குட்டி யானை வண்டியில் ஏற்றினார். கம்பங்களைப் பிடுங்கினார். குழிகளை மூடாமலே போய்விட்டார். பழனியின் மனைவி தைலம்மாள்தான் காலால் மண்ணைத் தள்ளி ஒவ்வொன்றாக மூடினாள்.

பத்தரை மணி பஸ்ஸில், கட்டிக்கொடுத்த மகள் சுபஸ்ரீ கிளம்பினாள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பதினாறு நாள் லீவு கொடுத்ததே பெரிது. நீயும் கூட வந்துவிடேன் என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே ஒரே அறையில் ஏற்கெனவே நான்கு பேர் என்பது இருவருக்கும் தெரியும். பார்க்கலாம் போ என்று தைலம்மாள் சொன்னாள். பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சோறு வெந்த பிறகுதான் இரண்டு பேருக்கு வடித்திருப்பது தெரிந்தது.

மணலூர்பேட்டைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பழனி காலனிக்காரன். கரும்பு லோடு ஏற்றும் ஆள். அந்த வருஷம் மாசி மாதத்தில் ஊர்த்தெருப் பெரிய வீட்டுத் தங்கதுரையின் வயலில் வெட்டு நடந்தது. ஆலை அவருக்குக் கொடுத்திருந்த தவணைக்குக் கடைசி நாள் என்பதால் இரண்டு லோடாகப் போக வேண்டியதை ஒரே ட்ரெய்லரில் ஏற்றச் சொன்னார் தங்கதுரை. ஆலை இருக்கும் மூங்கில்துறைப்பட்டுக்குப் போகும் வழியில், ஏரிக்கரைத் திருப்பத்தில் ட்ரெய்லர் சாய்ந்தது. லோடின் மேல் உட்கார்ந்து போன பழனி கரும்புக்கு அடியில் கிடந்தான். வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

சாவுக்குத் தங்கதுரை வந்தார். மாலை போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார், போனார். ஒரே லோடாக ஏற்றச் சொன்னது யார் என்று ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. தைலம்மாளும் திறக்கவில்லை.

பதினாறு நாளும் வீடு கொள்ளாத கூட்டம். பதினேழாம் நாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. வெட்டு சீசன். விடிவதற்குள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள், திரும்பி வந்ததும் அலுத்துப் படுத்தார்கள். தாலி அறுத்தவள் எதிரே வருகிறாளே என்று சிலர் மட்டும் தெருவின் மறுபக்கம் ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டு டிவியில் சீரியல் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய் உப்பு கேட்டாள். குரல் வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, செவ்வாய்க்கிழமை மகளை பஸ் ஏற்றிவிட்டதற்குப் பிறகு தான் யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தெரிந்தது.

பிறகு களை எடுக்கப் போனாள், நூறு நாள் வேலைக்குப் போனாள். அங்கெல்லாம் பேச்சு இருந்தது. சிரிப்புகூட இருந்தது. பழனியைப் பற்றிய பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவாளோ என்று பயந்தார்கள் போலிருக்கிறது. அவளாகவும் எடுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, ஆவணியில், தங்கதுரை இறந்தார். காலையில் பல் விளக்கப் போனவர் விழுந்தார், மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டார். சாவுக்கு ஊரே திரண்டது. காலனி ஆட்களோடு தைலம்மாளும் போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தாள். தங்கதுரையின் மனைவி விஜயலட்சுமியைச் சுற்றி அன்று உட்கார இடமில்லை. அந்த அம்மாள் ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூத்த மகன் பெங்களூரில், இளையவன் சிங்கப்பூரில்.

கருமாதிக்கு மறுநாள் களைவெட்டியோடு அந்த வீட்டைத் தாண்டிப் போனபோது தைலம்மாள் வாசலைப் பார்த்தாள். ஒரு செருப்புகூட இல்லை. இரண்டு கார்கள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் நின்றாள். கூட வந்த பெண்கள் என்ன என்று கேட்டார்கள். நீங்கள் போங்கள், நான் வருகிறேன் என்றாள். அந்த வீட்டுக்கா, உனக்கென்ன பைத்தியமா என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னிக்குப் பதினேழாம் நாளு. யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பின்பக்க வழியாகத்தான் போனாள். அந்த வீட்டுக்குள் வேறு வழியாக அவள் போனதில்லை. சமையலறையில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. விஜயலட்சுமி தரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைலம்மாளைக் கண்டதும் எழுந்து குழாயை மூடினாள்.

"இன்னா தைலம்மா, வேலைக்கு வந்தியா? வயலப் பாக்க இப்ப ஆளு இல்ல. அப்புறமா வா."

"வேலைக்கு வர்லீங்கம்மா. சும்மாதான் வந்தேன்."

விஜயலட்சுமிக்குப் புரியவில்லை. இறந்தவரின் துணியைக் கேட்டு வந்திருப்பாள் என்று நினைத்து உள்ளே போய், மடித்து வைத்த வேட்டி சட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வந்து நீட்டினாள். துணிக்கும் வரவில்லை என்று தைலம்மாள் சொல்லி, பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். பையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அம்மாள் நின்றாள். நின்றபடியே அழத் தொடங்கினாள். பதினாறு நாளும் எல்லோர் முன்பும் திடமாக இருந்தவள் என்று ஊர் பேசிக்கொண்டது. தைலம்மாள் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். படியில் உட்கார்ந்து, முருங்கைக் கீரை இருந்தால் ஆய்ந்து கொடுப்பாள், இல்லாவிட்டால் சும்மா இருப்பாள். விஜயலட்சுமி பேசினாள். வந்த சொந்தங்கள் எல்லாம் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டதையும், கடைசி மூன்று நாளும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று தான் காத்திருந்ததையும் சொன்னாள். பழனியின் பேச்சு மட்டும் வரவில்லை. இருபது நாள் போல இப்படிக் கழிந்த பிறகு ஒருநாள் உள்ளே பாயை விரித்து, இங்கே வந்து உட்கார் என்றாள். தைலம்மாள் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மணலூர்பேட்டையில் டீக்கடைக்காரர் ஒருவர் இறந்த சேதி வந்தபோது, அவர் வீட்டுக்கும் கருமாதி கழித்துப் போகலாமா என்று கேட்டது விஜயலட்சுமிதான். ஸ்கூட்டரில் அந்த அம்மாள் முன்னால், தைலம்மாள் பின்னால். ஊர் பார்த்தது. ஒன்றிரண்டு பேர் ஏதோ சொன்னார்கள். விஜயலட்சுமி காதில் வாங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவள், ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முறையாகச் செய்யத் தெரிந்தவள். எந்த ஊரில் யார் இறந்தார்கள், பதினேழாம் நாள் என்றைக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதினாள். பழைய மாணவர்களிடம் சொல்லி வைத்தாள்.

அந்த ஆறு மாதத்தில் இருபது வீடுகளுக்குப் போயிருப்பார்கள். மூங்கில்துறைப்பட்டில் ஆலைத் தொழிலாளி ஒருவர், ஆற்றில் மகனைப் பறிகொடுத்தவர், இவர்கள் போன நான்கு நாளும் உட்காரவே இல்லை. மகனுடைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டே நின்றார். விஜயலட்சுமி ஆறுதலாக ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். தைலம்மாள் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். ஐந்தாம் நாள் அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க நினைத்துக்கொண்டே நாட்கள் போய்விட்டன என்றார்.

கொரோனாவின் இரண்டாம் அலையில்தான் எல்லாம் பெரிதானது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் துணியில் சுற்றிய பொட்டலமாக நேரே சுடுகாட்டுக்குப் போனார்கள். சாவுக்கும் ஆள் இல்லை, கருமாதிக்கும் ஆள் இல்லை. எல்லா நாளுமே பதினேழாம் நாளாக இருந்தது. விஜயலட்சுமி போனில் ஆட்களைப் பிடித்தாள். ஆளுக்கு ஐந்து எண்கள் கொடுத்து, தினமும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். தைலம்மாளுக்கு எழுத்து கூட்டிப் படிக்க வராது, எண்கள் தெரியும். தன் பட்டன் போனில் கூப்பிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்பாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எதிர்ப்பக்கம் அழுதால் அழுது முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருப்பாள். களமருதூரில் இரண்டு கைக்குழந்தைகளோடு புருஷனை இழந்த ஒரு பெண், ஊரடங்கு தளர்ந்ததும் இவளை நேரில் வரச் சொன்னாள். தைலம்மாள் மூன்று பஸ் மாறிப் போனாள். குழந்தைகளை வாங்கிக்கொண்டு, நீ போய்ப் படு என்றாள். அந்தப் பெண் ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கினாள்.

விஜயலட்சுமியின் பழைய மாணவன் இளஞ்செழியன் கள்ளக்குறிச்சியில் வக்கீல். அவன்தான் அறக்கட்டளையாகப் பதிவு செய்து கொடுத்தான். பெயர், ‘பதினேழாம் நாள்’. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை எடுத்தார்கள். வாரிசு சான்றிதழ், விதவை பென்ஷன், இறந்தவர் பேரிலிருந்த கரண்ட் கனெக்‌ஷன் என்று அலைகிறவர்களுக்கு அங்கே மனு எழுதிக் கொடுத்தார்கள். சங்கராபுரத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் ஆட்கள் சேர்ந்தார்கள். அறுபது பேர் ஆனார்கள். துக்க வீட்டில் எப்படிப் பேசுவது என்று சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம், போய் வந்ததும் படிவம் நிரப்ப வேண்டும் என்று விதிகள் வந்தன. நல்ல விதிகள்தான். அவை இல்லாமல் அறுபது பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தைலம்மாளுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. ஒரு மணி நேரமானால் எழுந்துவிடவும் தெரியாது. அதனால் அவளைக் கூப்பிடுவது மெல்லக் குறைந்தது. யாரிடமும் பேச மறுக்கிற வீடு என்றால் மட்டும் அலுவலகத்திலிருந்து போன் வரும். மற்ற நாட்களில் களை, நடவு, நூறு நாள் வேலை. சாயங்காலம் டிவிப் பாட்டு.

நான்காம் ஆண்டு விழா கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தைலம்மாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான்காவது வரிசையில் உட்கார்ந்தாள். விஜயலட்சுமி மேடையில் நன்றாகப் பேசினாள். கணவர் போன பிறகு தான் இருந்த நிலையைச் சொல்லி, "எங்க வயல்ல வேல செய்யற ஒரு அம்மா அன்னிக்கு வந்து படியில உக்காந்தாங்க. அதுதான் இந்த அமைப்போட ஆரம்பம்" என்றாள். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெண்ணும் தட்டினாள். அந்த அம்மா யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தைலம்மாளும் மெதுவாகக் கை தட்டினாள்.

பங்குனியில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு சேதி வந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இருசப்பன் என்பவரின் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாள். பிள்ளைகள் மூன்று பேரும் கர்நாடகாவில் காப்பித் தோட்டத்தில். வந்து அடக்கம் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். மனிதர் யாரோடும் பேசுவதில்லை, இரண்டு முறை போனவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றார்கள். இந்த முறை பொன்னுரங்கத்தோடு தைலம்மாளை அனுப்பினார்கள். பொன்னுரங்கம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கொரோனாவில் மனைவியை இழந்தவர். படிவத்தை அட்டையில் செருகி எடுத்து வந்திருந்தார்.

ஜீப் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. கடைசி அரை மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. இருசப்பன், வீட்டு முன்னால் குவித்திருந்த புளியம்பழத்தை ஒரு கல்லின் மேல் வைத்துத் தட்டி ஓடு நீக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டியவர், ஒல்லி. பொன்னுரங்கம் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாரா என்று படிவத்தில் இருந்தபடி கேட்டார். பதில் இல்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, மேலே இன்னொரு வீடு இருக்கிறது, நான் போய் வருகிறேன் என்று எழுந்தார்.

தைலம்மாள் குவியலுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, ஓடு நீக்கிய பழத்தை எடுத்துக் கொட்டையைப் பிரிக்கத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை. கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். வெயில் வீட்டு முகப்புக்கு வந்தது. இருவரும் நிழலுக்கு நகர்ந்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். மறுபடி உட்கார்ந்து பத்துப் பழம் தட்டியிருப்பார்.

"உனக்கு யாரு செத்தது?" என்று கேட்டார்.

தைலம்மாளின் கை நின்றது. பழனி போன இந்த ஏழு வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"வூட்டுக்காரரு."

"எப்பிடி?"

அவள் சொன்னாள். எங்கே ஆரம்பிப்பது என்று முதலில் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் பழைய சோறு போதவில்லை என்று அவன் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு லோடை ஒன்றாக ஏற்றச் சொன்னதை, ஏரிக்கரைத் திருப்பத்தை, கரும்பை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு எடுத்ததை, அவன் காதுக்குள் கரும்புச் சோகைத் தூசு இருந்ததைச் சொன்னாள். கருமாதிக்கு மறுநாளைச் சொன்னாள். நான்கு நாள் பேச்சில்லாமல் இருந்து கடையில் குரல் வராமல் போனதைச் சொன்னாள். இருசப்பன் பழம் தட்டிக்கொண்டே கேட்டார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "பேரு என்ன அந்தாளுக்கு?" என்றார்.

கல்யாணமானதிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆபீசிலும் ரேஷன் கார்டை நீட்டிக் காட்டித்தான் எழுத வைத்தாள்.

"பழனி" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. புளி ஒட்டிய கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு தன் மனைவி பெயர் சாலம்மாள் என்றார். கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போனால் தனக்கு முன்னால் கூடை நிரப்பிவிடுவாள் என்றார்.

பொன்னுரங்கம் திரும்பி வந்து, இறங்கும் வழியில் படிவத்தை எடுத்தார். இருசப்பன் என்ன சொன்னார் என்று எழுத ஓர் இடம் இருந்தது.

"ஜாஸ்தி ஒண்ணும் சொல்லலீங்க. என்னப் பத்திக் கேட்டாரு" என்றாள் தைலம்மாள்.

பொன்னுரங்கம் பேனாவைச் சட்டைப் பையில் திருப்பிச் செருகினார். கீழே ஜீப் வரும்வரை அவர் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வாரக் கூட்டம் முடிந்து எல்லோரும் மாடியிலிருந்து இறங்கிப் போனபோது தைலம்மாள் போகவில்லை. விஜயலட்சுமி மின்விசிறியை நிறுத்திவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள்.

"எத்தினியோ வூட்டுக்கு ஒண்ணா போயிருக்கறோம். எங்க வூட்டுக்கு நீங்க ஒருநாளும் வர்லீங்கம்மா."

விஜயலட்சுமி சாவியை எடுத்தாள். அறையைப் பூட்டினாள். ஊர்வரை பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள், பேசவில்லை. அதன்பிறகு மூன்று வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று தைலம்மாள் நினைத்தாள். கேட்டதற்காக வருத்தப்படவும் அவளால் முடியவில்லை.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை முற்பகல் விஜயலட்சுமி வந்தாள். ஸ்கூட்டரை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, முழங்கால் வலியோடு நடந்து வந்தாள். காலனிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காராமல் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டீ போடட்டுமா என்று தைலம்மாள் கேட்டாள். போடு என்றாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தாள். அதற்குள் இரண்டு முறை போன் அடித்தது. இரண்டாம் முறை அதை அணைத்து வைத்தாள்.

"சாவுக்கு வந்துட்டுப் போனப்புறம் அவரு இன்னும் ரெண்டு தடவ இங்க வர்றதுக்குக் கெளம்பினாரு. வாய்க்கா வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டாரு" என்றாள். "அதுக்கப்புறம் சாவற வரைக்கும் ஏரிக்கரை வழியா போவல. சுத்திக்கினுதான் போவாரு. ராத்திரில எழுந்து உக்காந்துக்குவாரு. இன்னான்னு நான் கேட்டதில்ல. எனக்கும் தெரியும்ல."

தைலம்மாள் காலி டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நீ வந்து படியில உக்காந்தப்போ, இதக் கேக்கத்தான் வந்திருக்கறன்னு நெனச்சேன். இன்னிக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு தெனம் நெனப்பேன். நீ கேக்கவே இல்ல. கீரைய ஆஞ்சிக் குடுத்துட்டுப் போயிட்ட. அதுக்கப்புறம் இங்க வர எனக்கு இன்னும் பயமாயிடுச்சி."

"கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன்ங்கம்மா. இருந்துது. இப்பவும் இருக்குது" என்றாள் தைலம்மாள். "ஆனா நீங்க அன்னிக்குத் தனியா இருந்தீங்க. அதுவும் எனக்குத் தெரியும்."

விஜயலட்சுமி மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தைலம்மாளுக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. பழனியின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். ரேஷன் கார்டில் இருப்பதைத் தவிர ஒன்றுதான் இருந்தது, மகள் கல்யாணத்தில் எடுத்தது. ஓரத்தில் சாம்பார் வாளியோடு நின்றான். விஜயலட்சுமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். இவன் தம்பி தன்னிடம் ஐந்தாவது படித்தான் என்றாள். மதியம்வரை இருந்தாள். பேச்சு விட்டு விட்டு வந்தது. போகும்போது தைலம்மாள் வாய்க்கால் வரைக்கும் கூடப் போனாள்.

அதன்பிறகு மூன்று முறை வந்தாள். ஆடியில் முழங்கால் மோசமானது. மூத்த மகன் வந்து ஆபரேஷனுக்காகப் பெங்களூருக்கு அழைத்துப் போனான். அங்கேயே இருந்துவிடச் சொல்கிறான் என்று போனில் சொன்னாள். பெரிய வீட்டைப் பூட்டி, சாவியை இளஞ்செழியனிடம் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை பேசினாள், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பெங்களூரில் பதினோராவது மாடியில் இருப்பதாகவும், காலையில் எல்லோரும் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை தான் மட்டும்தான் என்றும் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்று தைலம்மாள் கேட்பாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அறக்கட்டளை நடக்கிறது. உளுந்தூர்பேட்டையில் இன்னொரு அறை திறந்தார்கள். இளஞ்செழியன் பொறுப்பைப் பார்க்கிறான். பொன்னுரங்கம் சொல்லி, பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதலில் தங்கள் வீட்டுச் சாவைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தைலம்மாளை அதற்கு வந்து உட்காரச் சொல்கிறார்கள். சில நாள் போகிறாள்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு நாள், யாரும் அனுப்பாமல், தானாகவே வெள்ளிமலைக்கு பஸ் ஏறினாள். ஒரு பொட்டலம் பொரியும் கொஞ்சம் கருவாடும் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வழுக்குகிற பாதையில் நடந்து போனபோது, இருசப்பன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பெரிய மகன் வந்து காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், ஒரு மாதம் ஆகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். போக மனசில்லாமல்தான் போனார் என்றாள். எப்போது வருவார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொண்டு வந்ததை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். பூட்டிய வீட்டு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஈரம் புடவையில் ஏறியதும் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள். வண்டி பாதி காலியாக வந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். ஊர் பேரைச் சொல்லி, கள்ளக்குறிச்சியில் இறங்கி மாற வேண்டும் என்றாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. மரவள்ளி மூட்டையோடு ஏறிய இரண்டு பெண்கள் பின்னால் போய்விட்டார்கள். கச்சிராயபாளையம் வரைக்கும் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.